நெல்லித்தோப்பு சிக்னலில் நீட்டிய கால்

1

நேற்று செவ்வாய்க்கிழமை. காலை ஏழு பத்துக்கு ஒரு மோட்டார் சைக்கிள்காரன் என் முகத்துக்கு நேராகக் காலை நீட்டிவிட்டுப் போனான்.

பாரிசின் வடக்குப் புறநகரில் நான் நகரப் பேருந்து ஓட்டுகிறேன். நெரிசலில் பின்னால் ஒரு மோட்டார் சைக்கிள் வருவது கண்ணாடியில் தெரிந்தால், பேருந்தைக் கொஞ்சம் வலப்பக்கம் ஒதுக்குவேன். அவன் என் இடப்பக்கமாகத் தாண்டுவான். தாண்டியதும் வலது காலைப் பக்கவாட்டில் ஒரு முழம் நீட்டி, மறுபடி மிதியில் வைத்துக்கொள்வான். அது நன்றி. இரண்டு கைகளும் பிரேக்கிலும் கிளட்ச்சிலும் இருக்கும்போது கையை எடுத்தால் வண்டி ஆடிவிடும். அதனால் காலால் சொல்கிறார்கள். இந்த நாடு முழுக்க இப்படித்தான்.

இத்தனை வருடங்களாக இந்தக் கால்களை நான் பொருட்படுத்தியதில்லை. கடந்த எட்டு மாதங்களாக ஒவ்வொரு காலும் எனக்கு அருவருப்பைத் தருகிறது. நீட்டுகிறவன்மேல் இல்லை அந்த அருவருப்பு.

ஊரைவிட்டு வந்த நாளிலிருந்து நாட்குறிப்பு எழுதுகிறேன். கிழமை, நேரம், வானிலை, பார்த்த ஆள், படித்த பக்கம் எல்லாம் இருக்கும். பொய் எழுதியதில்லை என்பது என் பெருமை. சென்ற செப்டம்பரில், புதுச்சேரியில் இருந்தபோது, ஒரு வியாழக்கிழமைக்கு எதிரே இப்படி இருக்கிறது: 'எலோதியுடன் வண்டி ஓட்டிப் பார்த்தோம். நல்ல வெயில்.' வண்டி ஓட்டிப் பார்த்தது உண்மை. வெயிலும் உண்மை. ஆனாலும் அந்தப் பக்கத்தைப் போல ஒரு பொய்யை நான் எழுதியதில்லை. அதைத் திருத்தத்தான் இந்தக் குறிப்பு. ஊரில் இருப்பவர்கள் படிக்க வேண்டும் என்று எழுதுகிறேன்.

2

முதலில் என் கதை. பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள வீட்டுப் பெண்ணைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தவன் நான். புதுச்சேரி முதலியார்பேட்டையில் என் வயதுக்காரர்கள் பாதிப்பேர் அப்படித்தான் விமானம் ஏறினார்கள். மொழி தெரியாது. மூட்டை தூக்கினேன், தட்டு கழுவினேன், பிறகு பேருந்து ஓட்டும் உரிமம் வாங்கினேன்.

பேருந்தில் முதல் வாரம். வழி விட்டேன், ஒருவன் தாண்டினான், என் சன்னலுக்கு எதிரே காலை நீட்டினான். எனக்கு வந்த கோபத்தில் பிரெஞ்சு மறந்துபோனது. சன்னலைத் திறந்து முதலியார்பேட்டைத் தமிழில் அவன் பரம்பரையையே இழுத்துத் திட்டினேன். அன்று மாலை பணிமனையில் எழுத்துமூலமாகப் புகார் கொடுத்தேன். நேரம், இடம், வண்டி எண், நீட்டிய கால் வலதா இடதா என்பது வரை எழுதியிருந்தேன்.

மேற்பார்வையாளர் பத்ரிக் அதைப் படித்தார். எல்லோரையும் கூப்பிட்டு உரக்கப் படித்தார். காப்பி கீழே கொட்டும் அளவுக்குச் சிரித்தார்கள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பிறகு பத்ரிக் என் தோளில் கை போட்டு வெளியே அழைத்துப் போனார். தன் மோட்டார் சைக்கிளில் ஏறி உட்கார்ந்தார். "இந்தக் கை கிளட்ச். இந்தக் கை பிரேக். உனக்கு நன்றி சொல்லணும். நான் எதை எடுக்கட்டும்?" என்று கேட்டுவிட்டு, காலை நீட்டிக் காட்டினார்.

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அந்த ஒரு நிமிடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

3

எலோதி என் ஒரே மகள். இருபத்திரண்டு வயது. இங்கேயே பிறந்தாள், பொறியியல் படித்தாள். அவளுடைய தமிழ் எங்கள் சமையலறையில் விளைந்தது. வா, போ, சாப்பிடு, தூங்கு, சத்தம் போடாதே. முக்கால்வாசி ஏவல்கள். நான் அவளிடம் தமிழில் கட்டளைகளை மட்டுமே போட்டிருக்கிறேன் என்பது அவளுக்குப் பதினைந்து வயதான பிறகுதான் எனக்கு உறைத்தது. அதற்குள் அவள் பிரெஞ்சில் பதில் சொல்லப் பழகி, பிறகு பதில் சொல்லாமலிருக்கவும் பழகிவிட்டாள். ஊருக்கு என்றால் ஒரு வாரத்துக்குமேல் தாங்கமாட்டாள். கொசு, சொந்தக்காரர்கள், மறுபடி கொசு.

அப்படிப்பட்டவள் சென்ற ஆண்டு ஒரு மாலை, படிப்பின் கடைசிப் பகுதியான ஆறு மாதத் தொழிற்பயிற்சியைப் புதுச்சேரிக்கு வெளியே சேதராப்பட்டில் செய்யப் போவதாகச் சொன்னாள். அங்கே ஒரு தொழிற்சாலைக்குத் தானே எழுதிப்போட்டு, தானே வாங்கியிருந்தாள். நான் கேட்கவில்லை, தூண்டவில்லை. என் பெரியண்ணன் அந்தோணியின் வீட்டில், முதலியார்பேட்டையில் தங்குவதாக ஏற்பாடு.

நான் வெளியே காட்டிக்கொள்ளவில்லை. ஆனால் எனக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று எழுதிவிடுகிறேன். ஆறு மாதத்தில் அவளுக்கு அந்த ஊர் பிடித்துப்போனால், என்றைக்கும் அவளுக்கு அங்கே ஒரு கதவு திறந்திருக்கும். பிடிக்காமல் போனால், புதுச்சேரி அவளுக்கு அப்பனுடைய சவப்பெட்டி போகும் ஊர், அவ்வளவுதான். மூன்று வாரம் விடுப்பு எடுத்துக்கொண்டு அவளை அங்கே நிலைப்படுத்திவிட்டு வரக் கிளம்பினேன்.

நிலைப்படுத்துவது என்றால் முதல் வேலை, வண்டி. முதலியார்பேட்டையிலிருந்து சேதராப்பட்டுக்குத் தினமும் போய்வர வேண்டும். எலோதி இங்கே மோட்டார் சைக்கிள் உரிமம் வாங்கியிருந்தாள். அதை வாங்குவதற்குள் அவள் பட்ட பாடு! புகைப்படத்தில் நெற்றி மேல் நிழல் விழுகிறது என்று விண்ணப்பம் திரும்பியது. நிழல் இல்லாத படம் அனுப்பினால் படிவம் பழையது என்று திரும்பியது. புதிய படிவத்தில் பழைய படிவத்தின் எண்ணைக் கேட்டிருந்தார்கள். ஓட்டுநர் தேர்வில் கூம்புகளுக்கு நடுவே நடைவேகத்தில் வளைந்து வளைந்து ஓட்ட வேண்டும், தரையில் கால் பட்டால் தோல்வி. முதல் முறை பட்டது. இரண்டாம் முறை படவில்லை.

உரிமம் கிடைத்தும் வண்டி வாங்க முடியவில்லை. இளவயதுக்காரருக்கு இங்கே காப்பீட்டுக் கட்டணம் கழுத்தை அறுக்கும். ஊரில் அந்தக் கவலை இல்லை. இரண்டு கோடை விடுமுறைகள் கடையில் வேலை செய்து அவள் சேர்த்திருந்த பணத்துக்கு அங்கே ஒரு நடுத்தர வண்டி வரும். அவளுடைய முதல் பெரிய வண்டி.

விமானத்தில் கணினியைத் திறந்து தன் அட்டவணையைக் காட்டினாள். எடை, இருக்கையின் உயரம், எஞ்சின் இழுவை, எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை சர்வீஸ், சர்வீஸ் கடை முதலியார்பேட்டையிலிருந்து எவ்வளவு தூரம். எட்டு வண்டிகளில் ஐந்தை ஏற்கெனவே அடித்திருந்தாள். ஒவ்வொரு அடித்தலுக்கும் பக்கத்தில் காரணம், தேதியோடு. என் கையெழுத்து இல்லை, ஆனால் என் பழக்கம். 'மழை' என்று ஒரு பத்தி சேர்க்கச் சொன்னேன். "நவம்பர்ல நம்ம ஊர் ரோடு ஆறு மாதிரி இருக்கும்" என்றேன். சேர்த்தாள். கடந்த பத்து ஆண்டுகளில் நாங்கள் இருவரும் சேர்ந்து செய்த வேலை அது ஒன்றுதான்.

4

அண்ணன் மின்துறையில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். வாய் கொஞ்சம் நீளம். போய்ச் சேர்ந்த மறுநாள் மதியச் சாப்பாட்டில் விஷயத்தை எடுத்தேன்.

"என்னா வண்டி பாப்பா?" என்று எலோதியைக் கேட்டார்.

"நேக்கட் பைக், பெரியப்பா."

அண்ணன் தட்டிலிருந்து தலையைத் தூக்கினார். "என்னாது?"

முன்பக்கம் கண்ணாடி இல்லாமல், பக்கவாட்டில் பிளாஸ்டிக் மூடி இல்லாமல், எஞ்சின் வெளியே தெரியும் வண்டிக்கு அப்படிப் பெயர் என்று நான் விளக்கினேன். முதுகை வளைக்காமல் நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டலாம், விழுந்தாலும் உடைவதற்கு அதிகம் இருக்காது.

"அம்மணக்கட்டை வண்டின்னு சொல்லு. துணி போட்ட வண்டியெல்லாம் கடைல தீந்துபோச்சாமா?"

எலோதிக்குப் பாதி புரிந்தது. பாதிக்கே விழுந்து விழுந்து சிரித்தாள்.

அண்ணிக்குச் சிரிப்பு வரவில்லை. "ஸ்கூட்டி வாங்கிக் குடுங்க தம்பி. சேதராப்பட்டு வரைக்கும் போறவ, இதுல டிபன் பாக்ஸ எங்க வெப்பா? தலைலயா?"

"முதுகில பை போட்டுப்பேன் பெரிம்மா."

"கொழம்பு ஊத்திக்கும்டி. சட்டையெல்லாம் மீன் வாடையோட ஆபீஸ் போவியா?"

அன்று மாலையிலிருந்து வந்து போனவர்கள் எல்லோருக்கும் இதுதான் பேச்சு. எலோதி என்ன படித்தாள் என்று ஒருவர் கேட்கவில்லை. சேதராப்பட்டில் என்ன செய்யப் போகிறாள் என்று கேட்கவில்லை. என்ன விலை, லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கும், பெண்பிள்ளைக்கு எதற்கு, கல்யாணம் எப்போது. இந்த நான்கு கேள்விகளுக்குமேல் ஐந்தாவதாக ஒன்றுகூட எங்கள் தெருவில் உற்பத்தியாகவில்லை. எனக்கு வெறுத்துப்போனது. எலோதி எல்லோருக்கும் பல்லைக் காட்டி, நூற்றெழுபது கிலோ, எண்ணூறு மில்லிமீட்டர் என்று தன் தமிழில் ஒப்பித்துக்கொண்டிருந்தாள்.

அவளிடம் இருந்தது பிரெஞ்சு பாஸ்போர்ட். வண்டியைப் பதியப் பதிவு அலுவலகத்தில் கேட்கும் உள்ளூர் முகவரிச் சான்று எதுவும் இல்லை. அண்ணன் பெயரில் வாங்குவது என்று முடிவாயிற்று.

"கையெழுத்துதானே, போடறேன்" என்றார் அண்ணன். "ஆனா ஓட்டத் தெரியுதான்னு மொதல்ல பாக்கணும். எம் பேர்ல வண்டி வாங்கி எவனையாவது இடிச்சுட்டு பாரீசுக்குப் போயிடாத."

5

வியாழக்கிழமை பதினோரு மணிக்கு நூறடி ரோட்டில் இருந்த ஒரு கடைக்குப் போனோம். அண்ணனும் வந்தார். விற்பனையாளர் பிரகாஷ், முப்பது வயதிருக்கும், என்னிடம் வந்து கை கொடுத்தார்.

"சாருக்கா வண்டி?"

"இல்ல, எம் பொண்ணுக்கு."

"ஓ, மேடத்துக்கா. ஸ்கூட்டர் செக்ஷன் மாடில இருக்கு மேடம்."

எலோதி நகரவில்லை. அட்டவணையில் மிஞ்சியிருந்த மூன்று வண்டிகளும் எதிரே நின்றன. ஒன்று பழைய கால வடிவம், பார்க்க அழகு, ஆனால் இருநூறு கிலோவைத் தொடும் எடை. மணலில் சாய்ந்தால் அவளால் தூக்க முடியாது. இரண்டாவது இரட்டை எஞ்சின், பூனைபோல ஓடும், விலை எட்டவில்லை. மூன்றாவது ஒற்றை எஞ்சின், நானூறு சிசிக்குக் கொஞ்சம் கீழே. ஏறி உட்கார்ந்தாள். இரண்டு பாதங்களும் முழுதாகத் தரையில் பதியவில்லை, முன்பாதங்கள் பதிந்தன. இறங்கி, வண்டியைக் கையால் பத்தடி பின்னுக்குத் தள்ளிப் பார்த்தாள். "பெரிய வண்டின்னா இத மொதல்ல பாக்கணும் பப்பா. ஓட்றது எல்லாரும் ஓட்டலாம்."

செயின் எத்தனை நாளைக்கு ஒருமுறை இழுத்துக் கட்ட வேண்டும், எஞ்சின் விசிறியின் அனல் காலில் அடிக்குமா என்றெல்லாம் கேட்டாள். கேட்டது அவள். பிரகாஷ் பதில் சொன்னது எனக்கு. ஒரு தடவைகூட அவள் முகத்தைப் பார்த்து அந்த ஆள் பேசவில்லை. எனக்கு அதில் எரிச்சல் வந்தது என்று எழுத ஆசை. உண்மை என்னவென்றால், நானும் தலையாட்டித் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

பின்சக்கரத்தின் பக்கத்தில் கம்பிக் கூண்டு ஒன்று மாட்டியிருந்தது. "பப்பா, கோழி வளக்கவா?"

"சாரி கார்டு சார்" என்றார் பிரகாஷ் என்னிடம். "பின்னாடி உக்கார்றவங்க பொடவை மாட்டிக்காம இருக்க. கண்டிப்பா குடுக்கணும்."

"என் பின்னாடி யாரு பொடவை கட்டி உக்காருவா?" என்றாள்.

அண்ணன் நாற்காலியிலிருந்து, "ஏன், உங்க பெரிம்மா இருக்காளே!" என்றார். கடையே சிரித்தது. நானும் அன்று கடைசியாகச் சிரித்தது அப்போதுதான்.

6

ஓட்டிப் பார்க்கும்போது கடை ஆள் பின்னால் உட்கார வேண்டும் என்பது வழக்கமாம். "லேடீஸ் பின்னாடி நான் எப்படி சார் உக்கார்றது? நீங்க உக்காருங்க. நான் ஸ்கூட்டர்ல பின்னாடி வரேன்" என்றார் பிரகாஷ். அண்ணன் கடையிலேயே விசிறிக்கு அடியில் இருந்துகொண்டார்.

இந்த வகை வண்டிகளில் பின்னால் உட்காருகிறவனுக்கு அரை இட்லி அகலத்தில் ஓர் இடம் கொடுக்கிறார்கள். அதில் ஒட்டிக்கொண்டேன். எலோதி கிளப்பினாள். அவள் ஓட்டி நான் பின்னால் உட்கார்ந்தது அதுவே முதல் முறை. என்ன சொல்ல? அவள் ஓட்டவில்லை, ரோட்டில் எழுதினாள். இந்த ஊரில் இடப்பக்கம் போக வேண்டும், வலப்பக்கம் முந்த வேண்டும் என்பதை கிளம்பிய ஐந்து நிமிடத்தில் உடம்பில் ஏற்றிக்கொண்டாள். எதிரே வந்த ஆட்டோவுக்கு ஒதுங்கினாள், மாட்டுக்கு நின்றாள், குழியைத் தாண்டினாள். என் மகள், என் ஊரில், என்னைச் சுமந்துகொண்டு போனாள்.

நெல்லித்தோப்பு சிக்னலை நெருங்கும்போது நெரிசல். முன்னால் ஒரு வெள்ளைக் கார். ஓட்டியவர் கண்ணாடியில் எங்களைப் பார்த்திருக்க வேண்டும். காரை இடப்பக்கம் நன்றாக ஒதுக்கி வழி விட்டார். அந்த நெரிசலில் யாரும் செய்யாத காரியம். எலோதி வலப்பக்கமாகத் தாண்டினாள்.

தாண்டும்போதே அவள் இடுப்பு ஒரு பக்கம் சாய்ந்தது எனக்குத் தெரிந்தது. என்ன நடக்கப்போகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. வாயைத் திறப்பதற்குள் காலை நீட்டினாள். பிரான்சில் நீட்டுவது வலது கால். இங்கே கார் இடப்பக்கம் இருக்கிறது என்று யோசித்து, இடது காலை நீட்டினாள். அவ்வளவு கவனமான பெண்.

பின்னாலிருந்து ஹார்ன் அலறியது. சிக்னலில் கார் குறுக்கே வந்து நின்றது. கதவு படாரென்று திறந்தது.

"ஏய், நிறுத்து! யாருக்குக் காலக் காட்ற? வழியும் வுட்டுட்டு ஒங்கிட்ட ஒதயும் வாங்கணுமா?"

என் வயதில் பாதி இருக்கும் அவருக்கு. முகம் சிவந்திருந்தது. காருக்குள் முன்னிருக்கையில் வெள்ளைச் சேலையில் ஒரு வயதான அம்மா. "எங்கம்மா உக்காந்திருக்காங்க. அவங்க மூஞ்சிக்கு நேரா கால நீட்றியே, மனுச ஜென்மமா நீ?"

எலோதி வண்டியை நிறுத்தித் தலைக்கவசத்தைக் கழற்றினாள். பெண் என்று தெரிந்ததும் கூட்டம் இரண்டு மடங்கானது. இளநீர்க்காரர் கத்தியோடு வந்தார். ஒரு ஆட்டோக்காரர், "பொட்டப் புள்ளைக்கு இம்மாம் பெரிய வண்டி குடுத்தா காலு தரையில நிக்குமா?" என்றார். இன்னொருவர், "பின்னாடி உக்காந்திருக்கான் பாரு பெருசு, அவன கேளு" என்றார்.

"அண்ணா, இல்ல" என்றாள் எலோதி. "நீங்க வழி குடுத்தீங்க. நான் அதுக்குத்தான்..." தமிழ் தீர்ந்துபோனது. திரும்பி என்னைப் பார்த்து, பிரெஞ்சில், மெதுவாகச் சொன்னாள். "பப்பா, அவருக்கு விளக்கிச் சொல்லு."

ஒரு நிமிட வேலை. ஒரு கையைக் கிளட்ச்சில் வைத்து, ஒரு கையைப் பிரேக்கில் வைத்து, 'எதை எடுக்கட்டும்?' என்று கேட்டிருந்தால் போதும். அந்தக் கூட்டத்தில் அதைச் சொல்லக்கூடியவன் நான் ஒருவன்தான். இருபுறமும் தெரிந்தவன். அந்தக் காலைக் கண்டு கொதித்தவனும் நான், ஒவ்வொரு நாளும் அதை வாங்கிக்கொள்கிறவனும் நான்.

நான் சொன்னது இது: "மன்னிச்சுக்குங்க சார். அங்கயே பொறந்து வளந்த பொண்ணு. மட்டு மரியாத தெரியாது. நான் கண்டிக்கிறேன்."

பிறகு எலோதியிடம், எல்லோருக்கும் கேட்க வேண்டும் என்று தமிழில், "எறங்கு. அம்மாகிட்ட போயி மன்னிப்பு கேளு" என்றேன். மறுபடியும் ஏவல்கள். அவளுக்குப் புரியும் தமிழ்.

அவள் தலைக்கவசத்தை என் கையில் கொடுத்தாள். இறங்கினாள். கார் சன்னல் அருகே போய்க் கையைக் கூப்பினாள்.

அந்த அம்மா கண்ணாடியை இறக்கினார். "விடு ராஜா, சின்னப் பொண்ணு, வெயில்ல நிக்குது" என்றார் மகனிடம். பிறகு எலோதியிடம், "தண்ணி குடிக்கிறியாம்மா?" என்றார். யார் என்று தெரியாத அந்த அம்மா கேட்டதை, பெற்றவன் நான் கேட்கவில்லை.

ஏன் அப்படிச் செய்தேன் என்று எட்டு மாதமாக யோசித்துவிட்டேன். அடி விழும் என்ற பயம் இல்லை. 'பிரான்சில் காலால்தான் நன்றி சொல்வார்கள்' என்று நடுரோட்டில் நின்று சொன்னால், நான் வெளியூர்க்காரன் ஆகிவிடுவேன். அந்தக் கூட்டத்தோடு நிற்க ஆசைப்பட்டேன். கூட்டத்தில் சேர ஒரு நுழைவுச் சீட்டு தேவைப்பட்டது. மகளைக் கொடுத்தேன்.

7

கடைக்குத் திரும்பினோம். ஸ்கூட்டரில் பின்னால் வந்து எல்லாவற்றையும் பார்த்திருந்த பிரகாஷ், அண்ணனிடம் ரசித்து ரசித்துச் சொன்னார். இனி கையெழுத்து கிடைக்காது என்று நினைத்தேன்.

வீட்டுக்கு வந்தோம். எலோதி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"எதுக்குடா அந்தப் புள்ள காலத் தூக்குச்சு?" என்று அண்ணன் கேட்டார்.

சொன்னேன். என் பேருந்து, பத்ரிக், புகார், எல்லாம்.

அண்ணன் கடைசி வரை கேட்டார். "இத்தனையும் ஒனக்குத் தெரியும்?"

"தெரியும்."

"அங்க ஏண்டா சொல்லல?"

"எப்படிண்ணா சொல்றது? கை கொட்டிச் சிரிப்பாங்க."

"சிரிச்சா சிரிச்சுட்டுப் போறான். சிரிக்கிறவன் அடிக்கமாட்டான். விஷயம் அங்கயே முடிஞ்சிருக்கும்." எழுந்து வாசல்வரை போய்த் திரும்பினார். "அவ தெரியாம காலக் காட்டினா. நீ தெரிஞ்சே முதுகக் காட்டிட்டு வந்திருக்க. த்தூ."

அண்ணன் என்னைப் பார்த்துத் துப்பியது அதுவே முதல் முறை. தகும்.

வெள்ளியும் சனியும் எலோதி என்னிடம் ஆமாம், இல்லை என்ற இரண்டு சொற்களை மட்டும் பேசினாள், அதுவும் பிரெஞ்சில். சனிக்கிழமை மதியம் தண்ணீர் எடுக்கப் போனபோது அவள் கணினித் திரை தெரிந்தது. விமானச் சீட்டுகளின் பக்கம் திறந்திருந்தது. ஒரு வழி. நான் பார்த்ததை அவளும் பார்த்தாள். மூடவில்லை.

ஞாயிறு மாதா கோயில் பூசைக்குப் போய் வந்தோம். திங்கள் காலை அண்ணன் சட்டை போட்டுக்கொண்டு அவள் கதவைத் தட்டினார். "பாப்பா, ஆதார் எடுத்துக்கிட்டேன், போட்டோ எடுத்துக்கிட்டேன். வா, போயி அந்த அம்மணக்கட்டைய எழுதிப் போட்டுட்டு வருவோம்."

அண்ணன் மறுபடி தட்டினார்.

"பெரியப்பா பேர்ல வாங்கற வண்டி. எவன் கேட்டாலும் எம் பேரச் சொல்லு. நான் வந்து நிக்கறேன்."

கதவு திறந்தது. நானும் செருப்பைத் தேடினேன்.

"நீ இரு" என்றார் அண்ணன். "அண்ணிக்கு வெங்காயம் உரிச்சுக் குடு."

உரித்தேன். இரண்டு மணிநேரம் கழித்து வந்தார்கள். பணம் கட்டி எழுதியாகிவிட்டது. கம்பிக்கூண்டைக் கழற்றச் சொல்லி எலோதி வாதாடியிருக்கிறாள், கடையில் முடியாது என்றுவிட்டார்கள். அதைச் சொல்லி அண்ணனும் அவளும் சிரித்துக்கொண்டே வந்தார்கள். என்னைப் பார்த்ததும் அவள் சிரிப்பு நின்றது.

வண்டி கைக்கு வந்த நாள் நான் பாரிசுக்குத் திரும்பும் நாள். கடை வாசலில் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினார்களாம். வரும் வழியில் அண்ணன் கோயிலில் நிறுத்திச் சாமியாரைத் தீர்த்தமும் தெளிக்க வைத்துவிட்டார். வீட்டு வாசலில் வண்டி நின்றது. கறுப்பு, டாங்கில் மெல்லிய சிவப்புக் கோடு. எனக்கு ஒரு முறை அந்த அரை இட்லியில் உட்கார ஆசை. கேட்க எனக்கு முகம் இல்லை. அண்ணன் தன் பழைய ஸ்கூட்டரில் என்னைப் பேருந்து நிலையத்தில் இறக்கிவிட்டார். எலோதி வாசல்வரை வந்து, இரண்டு கன்னத்திலும் கன்னம் வைத்து, பிரெஞ்சில் நல்ல பயணம் என்றாள். தபால்காரருக்கும் அப்படித்தான் சொல்வாள்.

8

பயிற்சி மார்ச்சில் முடிந்தது. எலோதி திரும்பவில்லை. அந்தத் தொழிற்சாலையே வேலை கொடுத்திருக்கிறது. இன்னும் ஓர் ஆண்டு இருந்து பார்க்கிறாளாம். இதை நான் என் மனைவியிடமிருந்து தெரிந்துகொண்டேன். தாயும் மகளும் ஞாயிறு தோறும் பேசுகிறார்கள். நான் அடுத்த அறையில் ஏதோ படித்துக்கொண்டிருப்பேன். பக்கம் புரளாது.

நான் பயந்தது நடக்கவில்லை. அந்த ஊர் அவளுக்குத் திறந்துவிட்டது. ஆனால் என் வழியாகத் திறக்கவில்லை. அண்ணன் திறந்தார்.

சென்ற மாதம் மனைவிக்கு ஒரு படம் அனுப்பியிருந்தாள். தொழிற்சாலை வாசலில் அந்தக் கறுப்பு வண்டி. பின்னால் உடன் வேலை செய்யும் பெண் ஒருத்தி, பச்சைச் சேலையில், ஒரு பக்கமாகக் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறாள். முந்தானை கம்பிக்கூண்டின்மேல் பத்திரமாகக் கிடக்கிறது. படத்தைப் பெரிதாக்கி நெடுநேரம் பார்த்தேன்.

போன ஞாயிறு மனைவி கைபேசியை என் கையில் திணித்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டாள். வேண்டுமென்றே செய்தாள்.

"வண்டி எப்படி ஓடுது?" என்றேன். வேறு என்ன கேட்பது?

"நல்லா ஓடுது பப்பா." அவள் தமிழ் மாறியிருந்தது. முதலியார்பேட்டை ஏறியிருந்தது. "செயின் நானே கட்டறேன். விசிறி அனல் அடிக்குது, அது ஒண்ணுதான் பேஜாரு."

"யாராவது வழி விட்டா என்ன பண்ற?"

கேட்ட பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"தலைய ஆட்டுவேன். பெரியப்பா சொல்லிக் குடுத்தாரு." பிறகு, "நீ ஏன் அன்னிக்குச் சொல்லல பப்பா? ஒனக்குத் தெரியுமே."

எட்டு மாதமாகச் சேர்த்து வைத்திருந்த காரணங்கள் என்னிடம் நிறைய இருந்தன. "எழுதறேன்" என்றேன்.

"எனக்கா?"

"ஊருக்கு."

"சரி, எழுது. எழுதிட்டு அனுப்பு. பெரியப்பாவப் படிச்சுக் காட்டச் சொல்றேன்."

ஆகவே எழுதிவிட்டேன். நாட்குறிப்பில் அந்த வியாழக்கிழமைப் பக்கத்தையும் இன்று காலை அடித்துத் திருத்தினேன்.

சென்ற செப்டம்பரில் ஒரு வியாழக்கிழமை, நண்பகல் பன்னிரண்டுக்குச் சற்று முன்பு, நெல்லித்தோப்பு சிக்னலில் வெள்ளைக் காரில் வந்தவர் இதைப் படித்தால், அவருக்கும் அவருடைய தாயாருக்கும்: கறுப்புத் தலைக்கவசம் போட்ட அந்தப் பெண் உங்களை அவமதிக்கவில்லை. அவள் வளர்ந்த ஊரில் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் வழி விட்டவருக்கு அப்படித்தான் நன்றி சொல்வார்கள். கைகள் இரண்டும் வேலையாக இருக்கும். நீங்கள் வழி விட்டீர்கள். அவள் நன்றி சொன்னாள். அன்றைக்கு அங்கே மரியாதை தெரியாமல் நடந்துகொண்டவன் பின்னால் உட்கார்ந்திருந்தவன்.